யோகேஸ்வரியின் படத்தை எடுத்துவிட்டோம்

1

கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத்தின் பத்தாண்டு நிறைவு விழா நடந்தது. தேவாலயத்தோடு ஒட்டிய சிறிய மண்டபத்தை எடுத்திருந்தோம். முன்பெல்லாம் இடமில்லாமல் சுவரோரம் சிலர் நிற்பார்கள். இம்முறை பேச்சு தொடங்குமுன்பே பாதி நாற்காலிகளை மடக்கி உள்ளே வைத்துவிட்டோம், வெறுமை கண்ணில் படக் கூடாது என்று. நான் வடை சுட்டுக் கொண்டுபோயிருந்தேன். பெரும்பகுதி என்னோடேயே வீடு திரும்பியது.

எல்லாம் முடிந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து தவறாமல் சந்தா கட்டுகிறவர்.

"மேடையில் எப்போதும் ஒரு பெண்ணின் படம் இருக்குமே, பெரிய கண்கள். இன்று காணவில்லை" என்றார்.

"எடுத்துவிட்டோம்."

"ஏன்? டாக்டராகிவிட்டாளா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, நல்ல செய்தி வரப்போகிறது என்பதுபோல. இந்த நாட்டில் என் பாதி ஆயுள் கழிந்துவிட்டது. ஜெர்மன் மொழியில் தடுமாறுவது குறைந்துவிட்டது. ஆனாலும் அவருக்கு ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. "நன்றாக இருக்கிறாள்" என்று மட்டும் சொல்லி, கடதாசித் தட்டில் இரண்டு வடை வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

அவருக்குச் சொல்லாததை, ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்குச் சொல்கிறேன்.

2

கேகாலை மாவட்டத்தில் தெரணியகலைக்கு மேலே இருக்கிறது எங்கள் றப்பர் தோட்டம். எங்கள் தோட்டம் என்பது வாய்ப்பழக்கம். எங்களுக்கென்று அங்கே இருந்தது தொழிலாளர் லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றும் பின்னால் ஒரு கோழிக்கூடும்தான். அவையும் கம்பனிக்கே சொந்தம். மலையகம் என்றதும் தேயிலையையும் குளிரையும் நினைக்கிற யாழ்ப்பாண நண்பர்கள் இங்கே நிறைய. எங்கள் பக்கத்தில் குளிர் கிடையாது. வெக்கை, மழை, அட்டைக்கடி, சுற்றிவரச் சிங்களக் கிராமங்கள். கடையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் சிங்களம். லயத்துக்குள் வந்தால் தமிழ்.

நான் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றேன். பக்கத்து லொட்ஜில் தங்கி வெளிநாடு போகக் காத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், கைக்குட்டை வாங்க வந்து வந்து, கடைசியில் என்னையே கேட்டார். அவர் போய்ச் சில வருஷம் கழித்து என்னையும் ஜெர்மனிக்கு எடுத்தார். டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறோம். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். ஒரே மகள், மீரா.

சங்கம் தொடங்கியது என் அண்ணனின் மரணத்தில் என்று சொல்லலாம். காரியத்துக்குப் போயிருந்தபோது புஷ்பம் வந்தாள். ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அவள் தோட்டத்திலேயே தங்கிவிட்டாள், பால்வெட்டு வேலை. விடியுமுன் எழுந்து றப்பர் மரத்தில் பட்டை சீவிப் பால் எடுக்கிற வேலை அது. மழை பெய்தால் பால் இல்லை, பால் இல்லாவிட்டால் பேரும் இல்லை, பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பின்னால் ஒரு பெண்பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தாள். மூத்த மகள், யோகேஸ்வரி.

"செல்வி, இவ ஓ.எல். சோதனையில எல்லாப் பாடமும் பாஸ் பண்ணிட்டா. சயன்ஸுக்கு ஏ. நம்ம தோட்டத்துல இதுக்கு முன்ன யாருக்குமே வந்ததில்லயாம். மாஸ்டர் வீடு தேடி வந்து சொல்றாரு, டாக்டருக்கே படிக்கலாம்னு."

"நல்லதுதானே."

"என்னா நல்லது? நம்ம ஸ்கூலு பதினொண்ணோட முடிஞ்சிருது. தமிழ்ல சயன்ஸ் படிக்கணும்னா இரத்தினபுரி பக்கம் போகணுமாம். போர்டிங் போட்டுப் படிக்க வைக்க நமக்கு எங்க முடியும், நீயே சொல்லு."

யோகேஸ்வரி படியில் உட்கார்ந்து, காலில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டேன்.

"அனுப்புனா படிப்பேன் பெரியம்மா."

"அனுப்பாட்டி?"

"கார்மன்ட்ஸ் ஃபெக்டரி" என்றாள். மழை வரும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று புஷ்பத்திடம் சொல்லிவிட்டு வந்தேன். புறப்படுகிற அன்று காலை பிள்ளையைச் சீருடையில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். அன்று அவளுக்குக் கடைவாய்ப் பல்வலி. வீங்கிய கன்னம் தெரியாமல் முகத்தை ஒருபக்கம் திருப்பி நின்றாள். அந்தத் திருப்பலில் கண்கள் பெரிதாக விழுந்துவிட்டன. ஜெர்மனியில் அந்தப் படத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் "எவ்வளவு சோகம் இந்தக் கண்களில்!" என்றார்கள். பல்வலி என்று நான் சொன்னால் சிரித்தார்கள். யாரும் நம்பவில்லை.

3

முதல் சில மாதங்கள் என் கைப்பணத்தில்தான் அனுப்பினேன். யோகேஸ்வரி போர்டிங்கில் சேர்ந்தாள். அடுத்த வருஷம் அதே தோட்டத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் நல்ல பெறுபேறு எடுத்தார்கள். அவர்களின் தாய்மாரும் புஷ்பத்தின் போனை வாங்கி எனக்குப் பேசினார்கள். தனி ஆளால் இது ஆகாது என்று அப்போதுதான் புரிந்தது.

வேலையிடத்தில் எனக்கு நெருங்கிய தோழி பிர்கிட். "சங்கமாகப் பதிவு செய். எங்கள் ஆட்கள் பதிவில்லாத எதற்கும் பணம் தரமாட்டார்கள்" என்றாள். பதிவுக்கு ஏழு பேர் வேண்டும். நான், என் கணவர், பிர்கிட், ஆசிரியரான அவள் கணவர், கீழ்வீட்டுத் துருக்கிப் பெண், என் கணவரின் நண்பர்கள் இருவர். அந்த நண்பர்கள் லேசில் சம்மதிக்கவில்லை.

"எங்கட வன்னிப் பிள்ளையளே சண்டைக்குப் பிறகு கால் இல்லாமக் கை இல்லாமக் கிடக்குதுகள். இவ தோட்டத்துக்குச் செய்யப் போறா எண்டு ஆக்கள் கதைப்பினம்" என்றார் ஒருவர்.

என் கணவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு, "கதைக்கிறவை கதைக்கட்டும். நீ பேப்பரைத் தா, நான் வைக்கிறன் கையெழுத்து" என்றார். தோட்டத்துப் பெண்ணான என்னைக் கட்டியதற்காக அவர் வீட்டில் கேட்ட பேச்சுக்களை நான் அறிவேன். அதனால் அந்தக் கையெழுத்தின் பாரம் எனக்குத் தெரியும்.

நீதிமன்றப் பதிவகம் எங்கள் விதிகளை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. வரி அலுவலகம், உதவி பெறும் பிள்ளைகள் வறியவர்கள் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி அனுப்பினாள் புஷ்பம். அது சிங்களத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் அலுவலகத் தாள் வேறு மொழியில் வராது. சிங்களத்திலிருந்து ஜெர்மனுக்குச் சத்தியம் செய்து மொழிபெயர்க்கிற ஒருவரைத் தேடி ரயிலில் வேறொரு நகரத்துக்குப் போனேன். தமிழ்ப் பிள்ளையின் வறுமைக்குச் சிங்களத்தில் சான்று, ஜெர்மனில் பெயர்ப்பு. நடுவில் தமிழுக்கு வேலையே இருக்கவில்லை. போதாக்குறைக்கு மூன்று தாள்களில் யோகேஸ்வரியின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. மூன்றும் ஒரே பிள்ளைதான் என்பதற்கு இன்னொரு தாள் கேட்டார்கள்.

முதல் கூட்டத்தை இதே மண்டபத்தில் வைத்தோம். என்னைப் பேசச் சொன்னார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு புறப்படுவார்கள், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போவார்கள், ரொட்டி பையில் இருக்கும், போய்ச் சேர்ந்த பிறகுதான் உண்பார்கள் என்று சொல்ல நினைத்தேன். சாப்பிடாமல் என்பதற்கு, இரத்தப் பரிசோதனைக்கு முன் முதியோர் இல்லத்தில் நாங்கள் சொல்லும் சொல்லைப் போட்டேன். அந்தச் சொல்லுக்குக் குடிபோதை இல்லாமல் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. "தோட்டத்துப் பிள்ளைகள் போதையில்லாமல் பாடசாலைக்குப் போகிறார்கள்" என்று கேட்டுவிட்டது. மண்டபமே சிரித்தது. மிச்சம் சொல்ல வந்த ரொட்டி தொண்டையிலேயே நின்றுவிட்டது. பிர்கிட் எழுந்து நின்று, "பசியோடு போகிறார்கள் என்று சொல்ல வருகிறாள்" என்றாள். சிரிப்பு அடங்கியது. அன்று அப்படி ஓர் அமைதி. உண்டியல் நிறைந்தது.

துண்டுப் பிரசுரம் அச்சாகி வந்தபோது யோகேஸ்வரியின் படத்துக்குக் கீழே அந்த வசனம் இருந்தது: யோகேஸ்வரி பசியோடு பாடசாலைக்குப் போகிறாள்.

4

இரத்தினபுரிப் பக்கத்தில் அவள் சேர்ந்த பாடசாலையில் உயிரியலுக்கு ஆசிரியர் இருந்தார். இரசாயனவியலுக்கு ஒருவர் வந்து வந்து போனார். பௌதிகவியலுக்கு ஆளே இல்லை. இடமாற்றத்தில் ஒருவர் வருகிறார் என்று முதல் தவணை முழுக்கச் சொன்னார்கள். அவர் வந்து கையெழுத்து வைத்துவிட்டு, வேறு மாகாணத்துக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பேன்.

"டீச்சர் வந்தாச்சா?"

"இல்ல பெரியம்மா. டியூசனுக்குப் போறேன். சிங்களத்துலதான் நடக்குது. ஸேர் நல்லாச் சொல்லிக் குடுக்கிறாரு. வெளங்குது. போர்டிங்ல வந்து தமிழ்ல மாத்தி எழுதிக்கிறேன்."

"சிங்களத்துலயே சோதனை எழுதினா என்ன?"

"பேசுறது வேற, எழுதுறது வேற பெரியம்மா. மத்த பாடமெல்லாம் தமிழ்ல படிச்சிட்டேனே."

இந்த மாற்றி எழுதுகிற வேலையின் கஷ்டம் எனக்குத் தெரிந்ததுதான். அந்த வயதைத் தாண்டிய பிறகு நானும் ஜெர்மனில் பரீட்சை எழுதியவள். கேள்வியை ஒரு மொழியில் வாசித்து, இன்னொரு மொழியில் யோசித்து, திரும்பவும் முதல் மொழிக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும்.

முதல் தடவை பௌதிகவியலில் தவறினாள். சங்கத்தின் விதிப்படி உயர்தரப் பரீட்சை எழுதி முடியும்வரைதான் உதவி. நான் செயற்குழுவில் பேசி இன்னொரு வருஷம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் தடவை எல்லாப் பாடமும் தேறினாள். பல்கலைக்கழகத்துக்கு அந்தப் புள்ளி போதவில்லை. மூன்றாம் தடவைக்கு விதியைத் தளர்த்த முடியாது என்று பொருளாளர் சொன்னார், வரிசையில் வேறு பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றார். அவர் சொன்னது நியாயம். நானே தருகிறேன், எழுது என்று போனில் சொன்னேன்.

"போதும் பெரியம்மா" என்றாள் யோகேஸ்வரி. "தம்பி ரெண்டு பேரு இருக்காங்க. அம்மாவுக்கு முழங்கால் வேற போயிருச்சு. எறக்கத்துல எறங்கி மரத்துக்குப் போக முடியல."

கரவனெல்லையில் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு முஸ்லிம் முதலாளியின் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டருக்குப் படிக்கப் போன பிள்ளை டாக்டரின் எழுத்தை வாசிக்கிற இடத்திலாவது இருக்கிறது என்று புஷ்பம் சொன்னாள். பிறகு யோகேஸ்வரி ஒரு முச்சக்கர வண்டிக்காரப் பையனைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் குழந்தை.

மற்றப் பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். ஒருவன் வங்கியில் இருக்கிறான். ஒருத்தி தாதியாகப் பயிற்சி எடுக்கிறாள். மற்றவர்கள் கொழும்பில் கடைகளில், கார்மன்ட்ஸில், கட்டாரில். எங்கள் உதவி இல்லாவிட்டாலும் அங்கேதான் போயிருப்பார்கள். கொஞ்சம் முன்னதாகப் போயிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் மேடையில் அந்தப் பல்வலிப் படம் அப்படியே இருந்தது. யோகேஸ்வரிக்கு அதில் வயது ஏறவே இல்லை. வருஷா வருஷம் அவளைப் பார்த்துத்தான் ஆட்கள் பணம் போட்டார்கள். நானும் வருஷா வருஷம் மேடையேறி, எங்கள் சங்கம் எப்படித் தொடங்கியது என்று அவளிலிருந்தே ஆரம்பித்தேன். அவள் டியூசனுக்குப் போனதோடு கதையை நிறுத்திக்கொள்வேன்.

5

சங்கத்தின் இணையப் பக்கத்தை மீராதான் பார்த்துக்கொண்டாள். சின்ன வயதில் என்னோடு தமிழில் பேசியவள். பாடசாலைக்குப் போகப் போக நான் தமிழில் கேட்பதும் அவள் ஜெர்மனில் பதில் சொல்வதுமாக ஆயிற்று. இப்போது நானும் ஜெர்மனில் கேட்டுவிடுகிறேன், இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம். தோட்டத்துக்கு ஒரே ஒருமுறை கூட்டிப்போனேன். அட்டை கடித்த இடத்தில் ஒவ்வாமை வந்து, இரண்டாம் நாளே கொழும்புக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு அவள் உதவி செய்யாமல் இல்லை. செய்தாள், தூரத்திலிருந்து, திருத்தமாக.

பிரசுரத்து வசனம் பக்கத்துக்குப் பக்கம் போனபோது கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கிறது. யார் எப்போது மாற்றினார்கள் என்று பிறகு ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பசியோடு பாடசாலைக்குப் போகிறவள், ஒரு கட்டத்தில் பசியோடு படுக்கைக்குப் போகிறவளாகிவிட்டாள்.

போன வருஷம் ஒரு நாள் வேலையிடத்தில் இருக்கும்போது யோகேஸ்வரி போன் எடுத்தாள். அவளாக எடுப்பது அபூர்வம். என்னவோ ஏதோ என்று வராந்தாவுக்கு ஓடிவந்தேன்.

"பெரியம்மா, எம் படத்த எடுத்துருங்க."

"எந்தப் படம்?"

"இன்டநெட்ல போட்டிருக்கீங்களே, அது. மொதலாளி மகன் போன்ல காட்டுனாரு. தங்கச்சி, இது ஒங்கட படமா, ஒங்கட பேரும் போட்டிருக்கேன்னு கேட்டாரு. அதுல எழுதியிருக்கிறத போனே தமிழ்ல மாத்திக் குடுக்குது பெரியம்மா. நான் ராத்திரிக்குச் சோறு இல்லாமப் படுக்கிறவளாம்."

நான் வராந்தாக் கதவைச் சாத்தினேன்.

"கடையில எல்லாரும் பாத்துட்டாங்க. அன்னைக்கு மத்தியானம் மொதலாளி வீட்லருந்து எனக்குச் சோத்துப் பார்சல் வந்திருச்சு. நல்ல மனசுலதான் குடுத்தாங்க. என்னால வாங்காம இருக்க முடியல, திங்கவும் முடியல." குரல் உயர்ந்தது. "எங்கம்மா என்னைக்காச்சும் எங்கள அப்படிப் படுக்க வச்சாங்களா? நீங்க சொல்லுங்க பெரியம்மா."

இல்லை. புஷ்பம் ஒரு நாளும் பிள்ளைகளை அப்படிப் படுக்க வைத்தவள் இல்லை. பேர் விழாத மழை நாட்களில் பலாக்காயை அவித்தாவது வயிறு நிறைய வைத்துவிடுவாள்.

செயற்குழு கூடியது. நான் விஷயத்தைச் சொன்னதும் பிர்கிட் அழுதுவிட்டாள். "நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வசனத்தை நீக்கிவிடலாம், படம் இருக்கட்டும், சங்கத்தின் முகமே அதுதானே என்றார் பொருளாளர். என் கணவரின் நண்பர் ஒருவரும் அதற்குத் தலையாட்டினார்.

மீரா கணினியிலிருந்து நிமிரவே இல்லை. "படம் எடுத்தபோது அவள் சிறுமி. இப்போது வளர்ந்தவள், வேண்டாம் என்கிறாள். சட்டப்படி வைத்திருக்க முடியாது. இதில் வாக்கெடுக்க ஒன்றுமில்லை" என்றாள் ஜெர்மனில். சொல்லிக்கொண்டே படத்தை அழித்துவிட்டாள். அவள் செய்தது சரி. ஆனால் அதில் யோகேஸ்வரி எங்கேயும் இல்லை, சட்டம் மட்டும்தான் இருந்தது. அந்தக் கூட்டத்தோடு மீரா சங்கத்திலிருந்து விலகிக்கொண்டாள். படிப்பு இருக்கிறது என்றாள்.

படத்துக்குப் பதிலாகத் தோட்டத்துச் சாலையையும் மரங்களையும் போட்டோம். அழகான படம். அதைப் பார்த்து யாரும் பணம் போடவில்லை. பழைய உறுப்பினர்கள் முதுமையிலும் நோயிலும் குறைந்துகொண்டு வருகிறார்கள். புதிதாகப் பிள்ளைகளை எடுப்பதை நிறுத்திவிட்டோம். இப்போது படிக்கிறவர்கள் முடித்ததும் சங்கத்தைக் கலைப்பது என்று தீர்மானம் எழுதியாகிவிட்டது. கலைப்பதற்கும் பதிவகத்துக்குப் போக வேண்டும், அதற்கும் தாள்கள் இருக்கின்றன.

6

இந்த வருஷ ஆரம்பத்தில் ஊருக்குப் போனேன். எந்த விசேஷமும் இல்லை. புஷ்பத்தின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தெரணியகலையில் பஸ்ஸை விட்டிறங்கி முச்சக்கர வண்டி பிடித்தேன். வழியில் பாதி மரங்கள் பால் வெட்டப்படாமல் காடு ஏறிக் கிடந்தன. வெட்ட ஆளில்லை, இருக்கிறவர்களுக்கு அந்தச் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று வண்டிக்காரர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு விளங்கியது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் சிங்களத்துக்குப் பதில் ஜெர்மன் வந்து நின்றது.

புஷ்பம் வாசலில் நின்றாள். வா என்று சொன்னாள், சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பெரிய பீங்கானில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். கோழிக்கறி, கருவாடு, பலாக்காய்ப் பொரியல், பருப்பு, சம்பல், அப்பளம். அவ்வளவையும் அந்த முழங்காலோடு காலையிலிருந்து தனியாகச் சமைத்திருக்கிறாள். நான் சாப்பிடச் சாப்பிட அகப்பையோடு பக்கத்திலேயே நின்றாள்.

"போதும் புஷ்பம்."

"தின்னு."

"வயிறு நெறஞ்சிருச்சு."

"தின்னு செல்வி. புஷ்பம் வீட்லருந்து பசியோட போனேன்னு அங்க எவனாச்சும் எழுதிப்புடுவான்."

இன்னும் ஒரு அகப்பை விழுந்தது. கண்ணீர் சோற்றில் விழாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. அவள் பார்த்தாள், பார்க்காததுபோல் நின்றாள். நான் பீங்கானை வழித்து முடித்த பிறகுதான் கீழே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் என் முழங்கையைத் தொட்டு, "மெலிஞ்சு போயிட்ட" என்றாள். அந்தத் தொடுதல் அவள் என்னை மன்னித்தது என்று எழுத ஆசைதான். அப்படி எழுத எனக்கு உரிமை இல்லை.

யோகேஸ்வரி சாயங்காலம் வேலை முடிந்து வந்தாள். வருகிற வழியில் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். குழந்தை வெள்ளைச் சீருடையில் இருந்தது. தோட்டப் பாடசாலைப் பிள்ளையாக எனக்குத் தெரியவில்லை. தோளில் தொங்கிய பையில் சிங்கள எழுத்தில் பெயர் தைத்திருந்தது.

"சிங்கள ஸ்கூலா?" என்றேன்.

"ஆமா பெரியம்மா. கீழ, ரோட்டுக்குப் பக்கத்துல."

"நம்ம ஸ்கூலு இருக்கே."

"இருக்கு. பதினொண்ணு வரைக்கும் இருக்கு." பையை வாங்கி ஆணியில் மாட்டினாள். "அதுக்கப்பறம் டீச்சர் வருவாங்களான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். நான் பாத்துட்டேன். இவளும் பாக்க வேணாம்."

"தமிழ்?"

"வீட்ல பேசுவா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "மீரா பேசுறாளா பெரியம்மா?"

குத்திக்காட்டுகிற தொனி இல்லை. விசாரித்தாள், அவ்வளவுதான். நான் தலையசைத்தேன். அது ஆமாவா இல்லையா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை.

சங்கம் கலையுமுன் ஏதாவது செய்யலாமா என்ற எண்ணம் எனக்கு அப்போதும் விடவில்லை. "இவளுக்கு நான் ஏதும் செய்யட்டா? சங்கம் இல்ல, நான். படம் கிடம் ஒண்ணும் வேணாம்" என்றேன்.

யோகேஸ்வரி ஆணியில் தொங்கிய பையை நேராக்கினாள். எனக்கு வலிக்காத மாதிரி எப்படிச் சொல்வது என்று யோசித்திருக்க வேண்டும்.

"வேணாம் பெரியம்மா. நீங்க செஞ்சத நான் மறக்கல. நீங்க அனுப்பலேன்னா நான் இரத்தினபுரியக் கண்டிருக்க மாட்டேன். ஆனா இவ படிச்சா நாங்க படிக்க வச்சதா இருக்கட்டும். படிக்காமப் போனாலும் எங்களோடயே போகட்டும்."

குழந்தை அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தாயின் சேலையை இழுத்து, என்னைக் காட்டி, "அம்மே, மே கவுத?" என்று சிங்களத்தில் கேட்டது. இது யார் என்று கேட்கிறது.

யோகேஸ்வரி குனிந்து மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "அம்மாச்சியோட ஸ்கூல்ல படிச்சவங்க" என்றாள் தமிழில். குழந்தைக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே ஓடிப்போய்ச் சோறு கேட்டது.